நாய்க்குட்டியைத் தூணில் கட்டிப் போட வேண்டாம்: ஆடித் திருவிழாவுக்கு முன்னால் கோயில் தொண்டர்கள் சொல்ல விரும்புவது

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி கலக்கி வச்சிக்கிட்டு பொறுமையா படிங்க.

ஒரு வாரமா நம்ம வாட்சப் குரூப்பில் திருவிழா உபயம் பற்றிப் பேசியதைவிட அந்த நாய்க்குட்டியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். முனியாண்டி சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டியில் யாரோ விட்டுப் போன பீகிள் குட்டி. பல்லைப் பார்த்துவிட்டு கால்நடை மருத்துவர் ஒன்பது வாரம் இருக்கும் என்றார். பிள்ளைகள் அதற்குள் மணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். குரூப்பில் மூன்று கட்சி. ஒரு கட்சி, மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தூணில் கட்டி வளர்ப்போம், பெரிசானா உண்டியலுக்குக் காவல் என்கிறது. இன்னொரு கட்சி, கோயிலுக்குள்ள நாயா, தீட்டு, நகராண்மைக்கழகத்துக்குப் போன் போடு என்கிறது. மூன்றாவது கட்சி, 'இப்ப வேணாம், பழக்கி முடிச்சதும் சொல்லுங்க, நாங்க எடுத்துக்கிறோம்' என்கிறது.

எங்கள் கருத்தை நேரா சொல்லிடறோம். கட்டிப் போடவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அடுத்த ஐந்து வாரம் இந்தக் குட்டியை முறையாகப் பழக்கி, ஒரு நல்ல வீட்டில் சேர்க்க வேண்டும். அந்த ஐந்து வாரம் தாண்டினா அப்புறம் யார் நினைச்சாலும் இவ்வளவு சுலபமா முடியாது.

ஏன் ஐந்து வாரம் என்று கேட்பீர்கள். நாய்க்குட்டிக்குப் பிறந்த மூன்றாவது வாரத்தில் இருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும், இழுத்துப் பிடித்தால் பதினாலாவது வாரம் வரைக்கும், ஒரு கதவு திறந்திருக்கும். அந்தக் காலத்தில் அது பார்க்கிற மனுசன், கேட்கிற சத்தம், மிதிக்கிற தரை எல்லாம் 'இது சாதாரணம், பயப்பட ஒன்னுமில்ல' என்று மனசில் பதியும். அதற்கப்புறம் புதிதாகப் பார்ப்பது எல்லாம் முதலில் சந்தேகம்தான். இது நாங்களா சொல்ற கதை இல்லீங்க. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்று இரண்டு விஞ்ஞானிகள் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் ஒரு பெரிய புத்தகமாக எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஐந்து ஜாதி நாய்களில் பீகிளும் ஒன்று. மனித வாசமே இல்லாமல் அந்த வாரங்களைக் கழித்த குட்டிகள் பிற்பாடு மனிதர் கிட்டே வரவே அஞ்சின என்பது அவர்கள் கண்டது.

இப்போ கணக்குப் போடுங்க. மணிக்கு ஒன்பது வாரம். ஆடித் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம். ஒன்பதும் ஐந்தும் பதினாலு. உறுமி மேளம், காவடி, பால்குடம், ஆயிரம் பேர் கூட்டம் எல்லாம் வந்து இறங்கும்போது, சரியா அந்தக் கதவு சாத்துகிற நேரம். இந்த ஐந்து வாரமும் தூணில் சங்கிலியோடு நின்ற குட்டி அன்றைக்கு என்ன செய்யும்? பயத்தில் நடுங்கும். யாராவது ஒரு சின்னப் பிள்ளை 'அய்யோ பாவம்' என்று தடவப் போகும். கட்டிக் கிடக்கிற நாய்க்கு ஓட வழியில்லை, அதனால் கடிக்கும். அன்றைக்கு சாயந்திரமே நகராண்மைக்கழகத்துக்குப் போன் போகும். இதில் நாயின் குற்றம் எங்கே இருக்கிறது?

பழைய ஆட்கள் சிலர் கேட்டார்கள்: 'லயத்துல அந்தக் காலத்துல நாய்க்கு யாரு பாடம் நடத்தினா? தானா வளரல?' நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் சொல்வது, லயமே பள்ளிக்கூடமா இருந்தது என்பதுதான். ஒரு வரிசையில் பத்து வீடு, வீட்டுக்கு ஐந்தாறு பேர். விடியக்காலையில் பெரட்டுக் களத்துக்குப் போகிற கூட்டம், பால் வாளி சத்தம், லோரி, கோழி, ஆடு, மாடு, தண்ணிக் குழாயடிச் சண்டை, கல்யாண வீட்டு மேளம், சாவு வீட்டுப் பறை. லயத்து நாய்க்குட்டி கண் திறந்த மூணாவது வாரத்தில் இருந்து இவ்வளவையும் அம்மாக்காரி பக்கத்தில் படுத்துக்கொண்டே பார்த்தது. தாய் கிட்டேயும் கூடப் பிறந்த குட்டிகள் கிட்டேயும் விளையாடிக் கடித்து, திருப்பிக் கடி வாங்கி, எவ்வளவு அழுத்தினா வலிக்கும் என்று கற்றது. அதனால்தான் அந்த நாய்கள் பிள்ளைகள் காலுக்கு நடுவில் தூங்கின.

இன்றைக்கு நிலைமை வேறு. பால்மரம் போய் செம்பனை வந்து, லயம் காலியாகி, நம்ம சனங்க பாதிக்கு மேலே சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் பக்கம் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டோம். இரும்புக் கேட்டுக்குள் வளரும் குட்டி நாலு முகத்தைத்தான் பார்க்கிறது. கடையில் விற்கிற ஜாதிக் குட்டி இன்னும் மோசம். தாயிடம் இருந்து சீக்கிரமே பிரித்து, கண்ணாடிப் பெட்டியில் போட்டு, வாங்குகிற ஆள் வரும் வரை அந்தப் பொன்னான வாரங்களை அங்கேயே கழிக்க விடுகிறார்கள். மணி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் வந்த அன்றைக்குப் புல்லில் கால் வைக்கத் தயங்கி நின்றதைப் பார்த்தோம்.

புல் என்றதும் ஒரு செய்தி. 2022-ல் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், ஆய்வுக்கூடங்களுக்கு விற்பதற்காக பீகிள் வளர்த்த ஒரு பெரிய பண்ணையில் விதிமீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டு, சுமார் 4,000 பீகிள்களை வெளியே கொண்டு வந்தார்கள். ஆய்வுக்கூடங்களுக்கு பீகிளைத் தேர்ந்தெடுப்பதே, அது சாது, சின்ன உருவம், என்ன செய்தாலும் திருப்பிக் கடிக்காது என்பதால்தான். கேட்கவே வயிறு எரிகிறது. அந்த நாய்களில் பலவற்றுக்கு வீட்டுச் சத்தமும் படிக்கட்டும் புல் தரையும் புதிது. எடுத்து வளர்த்தவர்கள் ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டியிருந்தது. வளர்ந்த நாயைக்கூடப் பழக்கலாம், முடியாது என்று இல்லை. ஆனால் ஐந்து வாரத்தில் முடிகிற வேலை ஐந்து மாசம், சில சமயம் வருசக் கணக்கில் இழுக்கும்.

காவலுக்கு வைக்கலாம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பீகிள் காவல் நாய் இல்லை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்த்த மோப்ப நாய். பத்துக் கிலோ சுமாருக்குத்தான் வளரும். உண்டியல் திருட வருகிறவன் கையில் ஒரு பிஸ்கட் இருந்தால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போகும். சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும், அது வேற. தனியா விட்டா நரி மாதிரி நீளமா ஊளை விடும், ஏனென்றால் கூட்டத்தில் வாழப் பிறந்தது. ராத்திரி நடை சாத்திய பிறகு தூணில் தனியாகக் கட்டினால் அக்கம்பக்கம் ஒருத்தரும் தூங்க முடியாது. காவலுக்கு கேமரா போடுங்க, அதற்கு உபயம் தர ஆள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த மூக்கு இருக்கே, அதற்கு ஈடு கிடையாது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் அமெரிக்க விவசாயத் துறை பீகிள்களை வேலைக்கு வைத்தது. பயணிகள் பெட்டியில் ஒளித்து வரும் பழம், இறைச்சி இதையெல்லாம் மோப்பம் பிடிப்பதற்கு. பெரிய நாயைப் பார்த்தால் பயணிகள் பயப்படுவார்கள், பீகிளைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். இன்னொரு காரணம், சாப்பாட்டுக்காக எந்த வேலையும் செய்யும். நமக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான். பிடிவாதம் பிடித்த ஜாதி என்று பலர் சொல்வார்கள். உண்மையில் மூக்கு கீழே போனா காது மூடிக்கும், அவ்வளவுதான். மூக்கையே நம்ம பக்கம் திருப்பிட்டா வேலை சுலபம்.

இந்த ஒரு வாரமா என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம். கோயில் வளாகத்தில் அசைவம் கிடையாது, அதனால் வேக வைத்த கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்கி டப்பாவில் வைத்திருக்கிறோம். மணிக்கு அதுவே லட்டு. பூசை மணி அடிக்கிற நேரம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே, அரச மரத்துக்கும் அந்தப் பக்கம் போய் நிற்கிறோம். மணிச் சத்தம் கேட்டதும் ஒரு துண்டு. நின்றதும் துண்டு நிற்கும். ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களுக்குச் சத்தத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பழக்கினாரே, அதே கணக்கு. நாலாவது நாளே மணி அடித்தால் நம்ம முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இனி ஒவ்வொரு நாளும் ஐந்தாறு அடி கிட்டே வரலாம்.

உறுமிக்கும் அப்படித்தான். முதலில் போனில் பதிந்த மேளத்தைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்து, சாப்பிடும் நேரத்தில் ஓட விடுகிறோம். தாமான் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரொம்ப தூரத்தில் இருந்து கேட்க வைக்கப் போகிறோம். இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: குட்டி கொடுத்த துண்டைச் சாப்பிடுகிறதா? பீகிள் சாப்பாட்டை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால், பயம் தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே பின்வாங்கி தூரம் போக வேண்டும். வால் காலுக்கு நடுவில் போவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருப்பது, இதெல்லாமும் பயத்தின் அடையாளம். 'பழகட்டும்னு' மேளத்துக்கு நடுவில் கொண்டு போய் நிறுத்துவது இருக்கே, தயவுசெய்து யாரும் அதை மட்டும் செய்யாதீங்க. எட்டு, ஒன்பது, பத்து வாரத்தில் வாங்குகிற ஒரு பெரிய பயம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். பட்டாசும் அப்படியே. குட்டி பக்கத்தில் பட்டாசு கொளுத்திச் சிரிக்கிற தம்பிகளுக்கு இதுவே எச்சரிக்கை.

திருவிழா அன்றைக்கு மணி கோயிலில் இருக்காது. எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும் சரி. ஆயிரம் பேர் கூட்டத்தில் நாலு மாசம்கூட ஆகாத குட்டிக்கு வேலை இல்லை. அன்றைக்கு ஒரு தொண்டர் வீட்டில், மின்விசிறிக் காற்றில் தூங்கும். பழக்குவது அது தாங்குகிற அளவுக்கு மட்டும்.

அடிக்கிற விசயம். 'ரோத்தான் காட்டுங்க, அடங்கும்' என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அடித்தால் குட்டி கையைக் கண்டு பயப்படக் கற்கும், அவ்வளவுதான் கற்கும். நாளைக்கு திருநீறு வைக்க ஒரு பாட்டி கையை நீட்டினாலும் அந்தக் கை ரோத்தான் பிடிச்ச கைதான் அதற்கு. விளையாட்டில் பல் பட்டால் 'ஆ' என்று சொல்லி, கையை எடுத்து, அரை நிமிசம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. விளையாட்டு நின்று போவதுதான் குட்டிக்குப் பெரிய தண்டனை. இரண்டு வாரத்தில் வாய் மெத்தென்று ஆகிவிடும்.

இன்னொன்று, ஆளுக்கு ஒரு பாசை வேண்டாம். ஒருத்தர் 'ஒக்காரு', ஒருத்தர் 'சிட்', ஒருத்தர் 'டுடோக்' என்று சொன்னால் அது எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்? குழு முடிவு செய்த சொற்கள் நாலுதான்: வா, உட்காரு, இரு, விடு. இதில் 'விடு' உயிர் காக்கிற சொல். கீழே கிடப்பதையெல்லாம் விழுங்குகிற ஜாதி இது. தோட்டத்தில் செம்பனை மரத்தடியில் எலிக்கு வைக்கிற மருந்துக் கட்டி அதற்கு மிட்டாய். அதைத் தின்ற நாய் அன்றைக்கு ஓடி ஆடித்தான் இருக்கும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உள்ளுக்குள் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். தின்றது தெரிந்த உடனே மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம், சோர்ந்து படுத்த பிறகு போனால் கஷ்டம். பேராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை, ஆனால் புல்லுக்கு அடிக்கிற மற்ற மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன. மருந்து அடித்த வரிசைக்குள் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியும் உண்டு. பீகிளுக்குப் பன்றி வாசம் கிடைத்தால் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாது, அதனால் தோட்டத்துக்குள் எப்போதும் கயிற்றோடுதான்.

பிரசாத விசயத்தில் தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்கணும். அன்பில்தான் ஊட்டுகிறீர்கள், தெரியும். ஆனால் சர்க்கரைப் பொங்கலிலும் பஞ்சாமிர்தத்திலும் உலர்ந்த திராட்சை இருக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கொஞ்சமே போதும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நெய்ப் பண்டம் கணையத்துக்கு ஆகாது. சாக்லெட் கூடவே கூடாது. கொடுக்கணும்னு மனசு துடிச்சா எங்கள் டப்பாவில் இருந்து ஒரு கேரட் துண்டு வாங்கிக் கொடுங்கள், அதுவும் குட்டி உட்கார்ந்த பிறகு.

இனி தீட்டுப் பேச்சுக்கு வருவோம். இதை நாங்கள் கிண்டல் பண்ணப் போவதில்லை. கருவறைப் பக்கமும் மகா மண்டபத்துக்குள்ளும் நாய் வரக்கூடாது என்பதில் எங்களுக்கும் ஒரே கருத்துதான். கொடிமரத்துக்கு வெளியே ஒரு கோடு போட்டிருக்கிறோம், மணி அதைத் தாண்டாமல் பழக்குகிறோம். ஆனால் நாய் என்றாலே நம்ம சமயத்துக்கு ஆகாது என்று சொல்வது சரியில்லை. பைரவருக்கு வாகனம் எது? தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலை சாத்தும்போது பக்கத்தில் நிற்பதைப் பார்க்கவில்லையா? ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தில் சரமா என்ற பெண் நாய் பணிகள் ஒளித்து வைத்த பசுக்களைத் தேடிப் போய் இந்திரனுக்காக அவர்களோடு வாதாடுகிறாள். மோப்ப நாய்க்கு அதைவிடப் பழைய கதை எங்கே இருக்கிறது? மகாபாரதக் கடைசியில் கூட வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்றவர் தருமர். கேரளாவில் கண்ணூர் பக்கம் பறச்சினிக்கடவு முத்தப்பன் கோயிலில் வாசலிலேயே இரண்டு வெண்கல நாய் சிலை, உள்ளே நாய்கள் தாராளமாக நடமாடும். அவரவர் கோயில் மரபு அவரவருக்கு. நம்ம கோயில் மரபில் கோடு கொடிமரத்தில் இருக்கட்டும்.

ஆனால் தீட்டைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசவில்லை. நாம் எல்லாரும் செருப்பில்லாமல் நடக்கிறோம். அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்கள் தரையில் உருள்கிறார்கள். நாய்க்குட்டி வயிற்றில் கொக்கிப் புழு இருந்து, அதன் மலம் மண்ணில் கலந்தால், புழுக்குஞ்சு வெறுங்கால் தோலுக்குள் புகுந்து கோடு கோடாக அரிப்பு எடுக்கும். ஈர மண்ணில் அது பல நாள் உயிரோடு இருக்கும். அதனால்தான் மணிக்கு வந்த உடனே பூச்சி மருந்து கொடுத்தோம், பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி முடித்ததும், இந்த மூன்று நேரமும் தவறாமல் வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போகிறோம், அங்கே போனதும் ஒரு துண்டு கேரட். மலத்தை உடனே அள்ளிப் பையில் கட்டிவிடுகிறோம். இந்த வயசில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதால் அடக்க முடியாது, எனவே கணக்கா ஆள் மாத்தி ஆள் நிற்கிறோம். தூணில் கட்டிப் போட்ட நாய் எங்கே போகும் என்று யோசிச்சுப் பாருங்க.

தடுப்பூசி முடியாமல் ஏன் வெளியே கொண்டு போகிறீர்கள் என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், நல்ல கேள்வி. பார்வோ என்ற கிருமி மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும், தடுப்பூசி முழுசா ஏறாத குட்டியை இரண்டு நாளில் கொன்றுவிடும். அதனால் தெரு நாய்கள் நடமாடும் இடத்தில் கீழே விடுவதில்லை, தோளில்தான். தோளில் இருந்தபடியே லோரியைப் பார்க்கலாம், மேளம் கேட்கலாம், குடை பிடித்த தாத்தாவைப் பார்க்கலாம், எல்லாத்தையும் தரையில் நின்றுதான் பார்க்கணும்னு இல்லை. ஊசி எல்லாம் முடியட்டும் என்று பதினாறு வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தக் கதவு சாத்திப் போகும். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-லேயே இதைச் சொல்லிவிட்டது: முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆனால், ஏழு எட்டு வார வயசிலேயே பழக்க ஆரம்பிக்கலாம். மூன்று வயசுக்குள் சாகிற நாய்களில் நோயால் சாவதைவிட, குணம் கெட்டுப் போய் கைவிடப்பட்டுச் சாவதுதான் அதிகம் என்பது அவர்கள் கொடுத்த காரணம். மணிக்கு முதல் ஊசி போட்டாச்சு. மூன்று மாசத்தில் வெறிநாய்க்கடி ஊசி.

வெறிநாய்க்கடி நம்ம மாநிலத்துக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்காதீங்க. 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது. 2017-ல் சரவாக்கில் வந்து பல உயிர்களைக் கொண்டு போனது. எந்த நாய் கடித்தாலும், அது நம்ம மணியே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணியில் பதினைந்து நிமிசம் கழுவி, நேரா கிளினிக். மஞ்சள் பத்து, காப்பித்தூள் எல்லாம் வேண்டாம்.

போர்ட்டிக்சன் பக்கத்துப் பெரியவர்களுக்கு மிருகங்கள் என்றாலே ஒரு நடுக்கம் இருப்பது எங்களுக்குப் புரிகிறது. 1998-99-ல் புக்கிட் பெலாண்டோக் பட்ட பாடு மறக்கக்கூடியதா? அந்த வைரஸுக்குப் பெயரே நம்ம சுங்கை நிப்பா கிராமத்தில் இருந்துதான் போனது. நாடு முழுக்க 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளை அழித்தார்கள், நாய்களுக்கும் அந்தக் கிருமி தொற்றியிருந்தது. அந்த அனுபவம் இருப்பதால்தான் சொல்கிறோம்: மருத்துவர் பார்த்து, ஊசி போட்டு, நம்ம கண் முன்னால் வளர்கிற ஒரு நாயைவிட, பயந்து துரத்திவிட்டு எங்கேயோ சுற்றி, நாலு குட்டி போட்டுத் திரும்பி வருகிற நாய்தான் ஊருக்கு ஆபத்து.

அக்கம்பக்கத்தையும் நினைக்கணும். தோட்டத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேச சகோதரர்கள். கோயில் பாதையில்தான் கடைக்குப் போகிறார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர். வேலை முடிஞ்சு களைச்சுப் போய் வருகிற மனுசனுக்கு அது சின்ன விசயம் இல்லை. அவர்கள் நாயை வெறுக்கிறார்கள் என்று நாமாக முடிவு கட்டவும் கூடாது. 2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவில் 'நாயைத் தொட்டுப் பார்ப்போம்' என்று ஒரு நிகழ்ச்சி நடந்தபோது நூற்றுக்கணக்கில் மலாய்க்காரர்கள் வந்தார்கள், அப்புறம் அதற்குப் பெரிய எதிர்ப்பும் வந்தது. இரண்டும் உண்மை. நம்ம கடமை, மணி யார் மேலும் தாவாமல் இருப்பது. அதனால் அவர்கள் நடந்து போகும் நேரம் குட்டியைக் கயிற்றில் பிடித்து, தூரத்தில் உட்கார வைத்து, அவர்கள் கடந்து போனதும் ஒரு துண்டு கொடுக்கிறோம். ஆளைப் பார்த்தால் தாவக்கூடாது, உட்காரணும் என்று அது கற்கிறது. ஒரு இந்தோனேசிய அண்ணன் இப்போ தூரத்தில் இருந்தே 'மணி, டுடோக்' என்று சிரித்துவிட்டுப் போகிறார். அவருக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு அனுமதி.

நகராண்மைக்கழகத்தைக் கூப்பிடு என்கிறவர்களுக்கு. 2024 அக்டோபரில் திரங்கானு பெசுட்டில் கோப்பி என்ற நாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே பேசியது, நம்ம குரூப்பிலும் அழுத முகமா நாற்பது ஐம்பது பேர் போட்டீர்கள். அன்றைக்கு அழுத கையே இன்றைக்குப் போனை எடுக்கலாமா? விலங்கு நலச் சட்டம் 2015, 2017 ஜூலையில் இருந்து நடப்பில் இருக்கிறது. வதைத்ததாக நிரூபிக்கப்பட்டால் 20,000 ரிங்கிட்டில் இருந்து ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு மிருகத்தை வைத்திருக்கிறவர் அதன் தேவைகளைப் பார்க்கணும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பெட்டியில் போட்டு சாமி வாசலில் வைத்துவிட்டால் புண்ணியக் கணக்கில் சேரும் என்று நினைத்த அந்த அன்பருக்கு இந்தப் பத்தி. கோயில் அநாதை விடுதி இல்லீங்க. உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போனாலும் அது வளர்ப்புச் செலவுக்கு ஈடாகாது.

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் பீகிள் வாங்கித் தர நினைக்கும் பெற்றோருக்கும் சொல்றோம். படத்தில் ஸ்னூப்பி சாதுவா கூரை மேல் படுத்திருக்கும். வீட்டில் பீகிள் அப்படிப் படுக்காது. தினமும் ஒரு மணி நேரமாவது நடக்க வைக்கணும், மூக்குக்கு வேலை கொடுக்கணும், தொங்கு காது நம்ம புழுக்கத்தில் சீழ் பிடிக்கும், வாரம் ஒருமுறை துடைக்கணும். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் பூட்டி வைத்தால் சோபாவைத் தின்னும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பன்னிரண்டு, பதினைந்து வருசம் வாழும் ஜீவன். இன்று ஏழு வயசுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வரை நீங்கள்தான் நடக்க வைக்க வேண்டும்.

இப்போ வேலையைப் பேசுவோம். மணியை எடுக்க விரும்பும் குடும்பங்கள் திருவிழா முடியும் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வாங்க. பழக்கி முடித்த பொருளாக ஒப்படைக்க நாங்கள் கடை நடத்தவில்லை. வாரம் மூன்று நாள் வந்து கூடவே பழக்குகிற குடும்பத்துக்குத்தான் முன்னுரிமை, ஏனென்றால் குட்டி பழக வேண்டியது உங்கள் வீட்டுப் பாட்டியோடும் உங்கள் மோட்டார் சைக்கிளோடும்தான். வேலி இருக்கணும், பகலில் ஒருத்தராவது வீட்டில் இருக்கணும், நகராண்மைக்கழகத்தில் நாய் உரிமம் எடுக்கணும், வயசு வந்ததும் கருத்தடை செய்யணும். ஒரு வருசத்துக்கு நாங்கள் வந்து பார்ப்போம், அதற்குச் சம்மதிக்கணும். பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை பூசைக்கு அப்புறம் பந்தலில் செயலாளரைப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு முடிந்ததும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அரை மணி நேர வகுப்பு. நாயை எப்படித் தொடுவது, எப்போது தொடக்கூடாது, தெரியாத நாய் ஓடி வந்தால் கத்தாமல் ஓடாமல் கையை மடக்கி மரம் மாதிரி எப்படி நிற்பது என்று சொல்லித் தருகிறோம். பெற்றோரும் கூட நில்லுங்கள். உறுமி வாசிக்கும் தம்பிகள் ஒத்திகைக்கு வரும் நேரத்தை முதல் நாளே குரூப்பில் போடவும், நாங்கள் எந்த மரத்தடியில் நிற்பது என்று பார்த்துக்கொள்கிறோம். இந்த வார கேரட் உபயம் வந்தாச்சு, அடுத்த வாரத்துக்கு இன்னும் ஆள் சேரவில்லை. மடப்பள்ளி அக்காவிடம் சொன்னால் போதும், தோல் சீவி வேக வைப்பது அவர் வேலை. உப்பு மட்டும் போட வேண்டாம் என்று மறுபடியும் நினைவுபடுத்துங்கள்.